குப்பைத்தொட்டிக்குள் போன எருமை

கம்ப்யூட்டர் திரையில் குப்பைத்தொட்டிப் படம் வைத்த புண்ணியவான் யாரென்று தெரிந்தால், நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவேன். அந்தத் தொட்டியோடு எனக்குச் சிறுவயதுப் பகை.

எண்பதுகளின் கடைசி. என் மாமா, அம்மாவின் தம்பி, குமாரபாளையத்தில் ஒரு பெட்ஷீட் கம்பெனியில் டிசைன் போடுகிறவர். ஆயுத பூஜைக்கு வீட்டுப் பிள்ளைகளைக் கம்பெனிக்குக் கூட்டிப்போவது வழக்கம். பொரி கடலைக்காக நானும் போனேன். வெளிநாட்டிலிருந்து வந்த கம்ப்யூட்டர் ஒன்று சந்தனப் பொட்டுக்குக் காத்திருந்தது. பூஜைக்கு இன்னும் நேரம் இருந்ததால், மாமா மவுஸை என் கையில் கொடுத்து எதையாவது வரையச் சொன்னார்.

நான் எங்கள் எருமையை வரைந்தேன். போன மாதம்தான் அதைச் சந்தையில் விற்றிருந்தோம். அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு கொம்பு மட்டும் கீழே வளைந்த அந்த முகத்தை அப்படியே கொண்டுவந்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. அம்மாவிடம் காட்ட வேண்டும் என்றேன். மாமா ஒரு ஃப்ளாப்பியைச் செருகிப் படத்தை அதில் ஏற்றினார். பிறகு, திரையில் தெரிந்த ஃப்ளாப்பியின் படத்தை இழுத்துக்கொண்டுபோய் மூலையில் இருந்த குப்பைத்தொட்டிக்குள் போட்டார்.

நான் அவர் கையைக் கடித்துவிட்டேன்.

“குப்பையில போட்டாத்தான் சாமி அது வெளிய வரும். இந்தப் பொட்டிக்கு அதுதான் வழக்கம்” என்றார், கையை உதறிக்கொண்டே. ஃப்ளாப்பியும் துருத்திக்கொண்டு வெளியே வந்தது. வேண்டியதையும் வேண்டாததையும் ஒரே தொட்டியில் போடுகிற வீடு எங்காவது உண்டா? எங்கள் எருக்குழியில் போட்டதை யாரும் திரும்ப எடுத்துக் கையில் கொடுத்ததில்லை.

வீட்டுக்கு வந்து ஃப்ளாப்பியின் தகர மூடியை நகர்த்தினால், உள்ளே பழுப்பாக ஒரு தகடு. எருமையைக் காணோம். படத்தைப் பார்க்க அதே மாதிரிப் பெட்டி வேண்டும் என்று மாமா வாயைத் திறந்து சொல்லவில்லை. ஆத்திரத்தில் அழுதேன். அம்மா அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

“கொம்பு வளஞ்சிருக்குமே, அதப் போட்டயா?”

“போட்டேன்.”

“அப்ப நல்லாத்தான் இருக்குது சாமி.”

பார்க்காமலே நன்றாக இருக்கிறது என்கிறாளே என்று அவள்மேலும் கோபம் வந்தது. எங்கள் பக்கம் மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்கமாட்டார்கள். எருமையின் கயிறு ஆணியில் சுருண்டு தொங்கியது. அம்மா அந்தச் சுருளுக்குள் என் படத்தைச் செருகி வைத்தாள். ஒன்றுக்கும் உதவாத கயிற்றோடு கொண்டுபோய் வைக்கிறாளே என்று நான் சோறு தின்னாமல் படுத்துக்கொண்டேன். அந்தக் கயிற்றை அவள் எதற்கு வைத்திருக்கிறாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.