இன்னும் ஒரு மணி நேரம்

என் மேசை இழுப்பறையில் ஒரு போர்டிங் பாஸ் பல வருடங்களாகக் கிடந்தது. சென்னையிலிருந்து மதுரை, காலை எட்டரை மணி, இருக்கை 1சி. எழுத்துகள் வெளிறிப்போய்விட்டன, எனக்கு மட்டும் அது மனப்பாடம். அந்த இருக்கையில் உட்கார வேண்டியவர் உட்காரவேயில்லை. கம்பெனி செய்த தப்பு, எனக்கென்ன என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டுதான் வெகுநாள் காலம் தள்ளினேன்.

அப்போது நான் குறைந்த கட்டணத்தில் உள்நாட்டு விமானம் ஓட்டும் ஒரு கம்பெனியின் சென்னை கவுண்டரில் வேலை பார்த்தேன். கீழக்கரைக்குப் பக்கத்தில் சிக்கல் என்ற கிராமத்திலிருந்து போன பெண் நான். சீருடை மாட்டியதும் பேச்சும் மாறிவிடும். அங்கே ஒரே விமானம் நாள் முழுக்க ஊர் ஊராக ஓடும். ஓர் ஊரில் அது படுத்துக்கொண்டால் அடுத்த ஊர்க்காரர்கள் காத்துக் கிடக்க வேண்டியதுதான். அந்த மாதிரி நாளில் எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. நான்கு மணி நேரத் தாமதம் என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டோம். ஒரு மணி நேரம் என்போம். அது முடிந்ததும் இன்னும் ஒரு மணி நேரம். மொத்தமாகச் சொன்னால் ஆட்கள் எழுந்து வேறு விமானத்துக்குப் போய்விடுவார்களே. இதில் நான் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன்.

அன்று ஏழு மணிக்கே வந்து நின்றவர், மண்ணடியில் கடை வைத்திருந்த கீழக்கரைக்காரர். விடியற்காலையில் அவருடைய வாப்பா இறந்துவிட்டார். அவர்கள் வழக்கத்தில் அடக்கத்தைத் தள்ளிப்போட மாட்டார்கள். மகன் முகம் பார்க்கட்டும் என்று அஸர் தொழுகை வரை, பிற்பகல் நான்கு மணி போல, பொறுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். கேட்டதும் என்னையறியாமல் "காக்கா" என்று கூப்பிட்டுவிட்டேன். கீழக்கரையில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் முகத்தில் ஒரு தெம்பு வந்தது.

"நீ நம்ம பக்கமா தங்கச்சி?"

"சிக்கல், காக்கா."

மதுரையிலிருந்து கீழக்கரைக்குக் காரில் இன்னும் மூன்று மணி நேரம் போக வேண்டும், முதல் ஆளாக இறங்கட்டும் என்று முன்வரிசை இடம் போட்டுக் கொடுத்தேன்.

ஏழரைக்கு எங்களுக்குச் செய்தி வந்தது. விமானம் ஹைதராபாத்தில் பழுதாகி நிற்கிறது, மதியத்துக்கு முன் வராது. நாங்கள் வழக்கம்போல ஒரு மணி நேரம் என்று அறிவித்தோம். எட்டு மணிக்கு அவர் என்னிடம் ஓடி வந்தார். ஒன்பதரைக்கு வேறு கம்பெனி விமானம் இருக்கிறதாம், ஒரே ஓர் இடம்தான் மிச்சமாம்.

"அதுல போயிரவா? நீ சொன்னாச் சரி."

மேனேஜர் பக்கத்தில் நின்றார். அவர் இல்லாவிட்டாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேனோ என்னவோ, வாய் அப்படிப் பழகியிருந்தது.

"இன்னும் ஒரு மணி நேரந்தான் காக்கா. நம்ம பிளைட்டே கெளம்பிரும்."

அவர் எதிரிலிருந்த நாற்காலிக்குப் போய், "வந்துர்றேன், அடக்காம வச்சிருங்க" என்று ஊருக்குப் போன் செய்தார். நான் அடுத்தடுத்து ஒரு மணி நேரம் சொன்னபோதெல்லாம் அவரும் அதையே ஊருக்குச் சொன்னார்.

பன்னிரண்டு மணிக்கு ரத்து என்று அறிவித்தோம். கூட்டம் என்னைச் சூழ்ந்துகொண்டு திட்டியது. அவர் மட்டும் ஓரமாக நின்று, "அடக்கிருங்க, எனக்காகப் பாக்க வேணாம்" என்று போனில் சொல்லி முடித்தார். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"அந்தப் பிள்ளைய ஏன் வையிறீங்க? அதுக்குத் தெரிஞ்சிருந்தா எங்கிட்ட சொல்லியிருக்கும்."

போர்டிங் பாஸை என் கவுண்டர் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பதில் அவர் என்னை அறைந்திருக்கலாம்.

கல்யாணமாகி ஊர்ப்பக்கம் வந்து, இப்போது கீழக்கரையிலேயே ஒரு டிக்கெட் கடையில் வேலை பார்க்கிறேன். விமானம் நேரத்துக்குப் போகுமா என்று யார் கேட்டாலும் தெரியாது என்பேன். "வாற ஆளை வெரட்டுறியேம்மா" என்று முதலாளி சலித்துக்கொள்வார். போன மாதம், உம்மாவைச் சென்னைக்குக் கண் ஆபரேஷனுக்குக் கூட்டிப் போக டிக்கெட் கேட்டு அந்தக் காக்காவே வந்தார். தாடி நரைத்திருந்தது. பார்த்ததும் கண்டுகொண்டார்.

"தங்கமான பிள்ளை," என்றார் முதலாளியிடம். "அன்னைக்கு எனக்காக எம்புட்டுத் தவிச்சுச்சு."

பேசாமல் டிக்கெட்டைப் போட்டிருக்கலாம். முடியவில்லை. இழுப்பறையைத் திறந்து அந்தச் சீட்டை அவர் முன் வைத்தேன்.

"அன்னைக்கு பிளைட் வராதுன்னு எனக்குத் தெரியும் காக்கா."

அவர் சீட்டைத் தன் பக்கம் திருப்பினார்.

"எப்பத் தெரியும்?"

"ஏழரைக்கு."

"நான் கேட்டது எட்டு மணிக்கு."

"ஆமா காக்கா."

அவர் திட்டவில்லை. சீட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"இதை உம்மாகிட்ட காட்டணும். கெளம்பாமலே வாறேன் வாறேன்னு நான் பொய் சொன்னேன்னுதான் இன்னைக்கு வரைக்கும் நெனச்சிட்டிருக்காக."