அமாவாசைக்குத் தறி கிடையாது

“...ஓடலைபா இன்னிக்கு. அமாவாசை. நீ அடிக்கிற அடி தெருக்கோடி வரிக்கும் கேக்குது,” என்றாள் என் அக்கா செல்வி. கத்தவில்லை, அழவில்லை, இன்றைக்குப் பால் வரவில்லை என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். கீழுதடு கிழிந்து ரத்தம் மோவாய் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. வீடெல்லாம் ஊறவைத்த உளுந்து வாசனையும், தலைக்கு வைத்த நல்லெண்ணெய் வாசனையும். அப்பாவின் கை மூங்கில் குச்சியோடு மேலே போனது போனபடி நின்றது.

ஓடாதது எது, அதனால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் அப்போது முப்பது வீடுகள் இருந்தன, ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இரண்டு பட்டுத்தறி. தரையில் வெட்டிய பள்ளத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, கீழே இருக்கும் மிதியை மிதித்து, மேலே இழையை அடித்து நெருக்கினால், “தடக்... தடக்” என்று ஒரு சத்தம் வரும். விடிந்ததும் தொடங்கி விளக்கு வைக்கும்வரை அறுபது தறியும் அப்படிப் பேசிக்கொண்டிருந்தால், பக்கத்தில் இருப்பவரிடம்கூடக் காதருகே வாயை வைத்துத்தான் பேச முடியும். அமாவாசைக்கு மட்டும் தறி கிடையாது. அன்றைக்குத் தறியில் உட்காருவது ஆகாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். குளித்து, படையல் போட்டு, வடை சுட்டுத் தின்றுவிட்டு, ஆண்கள் சீட்டாடவும் பெண்கள் தலைவாரிக்கொள்ளவும் ஆன நாள் அது.

மற்ற நாளெல்லாம் அந்தச் சத்தத்துக்கு வேறொரு உபயோகமும் இருந்தது. பிள்ளையையோ பெண்டாட்டியையோ அடிக்க வேண்டுமென்றால் வீட்டு ஆண்பிள்ளை முதலில் கதவைத் தாழிடுவார், பிறகு தறியில் இருப்பவர்களைப் பார்த்து “நிறுத்தாதே” என்பார். தறி ஓடிக்கொண்டே இருக்கும், அடி விழுந்துகொண்டே இருக்கும், தெருவுக்கு எதுவும் காதில் விழாது. விழாது என்பது மரியாதைக்குச் சொல்வது. பகல் இரண்டு மணிக்கு ஒரு வீட்டில் தறி திடீரென்று வேகம் பிடித்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெருவில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். பக்கத்து வீட்டுக் கோட்டம்மா மறுநாள் குழாயடியில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, “ஏம்மா, நேத்து உங்க வூட்டுத் தறி குதிரையாட்டம் ஓடுச்சே, சீக்கிரம் பொடவையை முடிச்சு அறுத்துடுவீங்க போலக்குதே,” என்பாள். அவள் வீட்டுத் தறி ஓடிய மறுநாள் என் அம்மா அதையே அவளிடம் சொல்வாள். அவ்வளவுதான் எங்கள் தெருவின் விசாரணை.

எங்கள் வீட்டில் அடி வாங்குவது செல்வி அக்கா. எனக்குப் பன்னிரண்டு வயது, அவளுக்குப் பதினேழு. அவளுக்கு வாய்த்தது கபடி. வாய்த்தது என்றுதான் சொல்ல வேண்டும். யாரும் கற்றுக்கொடுக்காமலே, ஓடுகிறவள் கணுக்காலை எங்கே பிடித்தால் விழுவாள் என்று அவள் கைக்குத் தெரிந்திருந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் சாயங்காலம் ஆடிவிட்டு வரும்போது முட்டியிலும் முழங்கையிலும் தோல் உரிந்திருக்கும். அதை “கிரவுண்டு காயம்” என்பாள், காட்டுவாள். முதுகிலும் கெண்டைக்காலிலும் இருப்பது “வூட்டுக் காயம்”, அதைக் காட்ட மாட்டாள். இரவு ஒரே பாயில் படுக்கும்போது எந்தப் பக்கம் புரள முடியவில்லை என்பதை வைத்து அன்றைய கணக்கை நான் தெரிந்துகொள்வேன்.

அப்பா குடிகாரர் இல்லை. இதைச் சொன்னால் பலர் ஏமாந்துபோகிறார்கள். மயிரைவிட மெல்லிய பட்டிழை அறுந்தால் அதை எச்சில் தொட்டு முறுக்கி முடிபோடும்போது அவர் விரல் பூவைத் தொடுவதுபோலத்தான் இருக்கும். அதே விரல்கள்தான் தறியில் நீளமாக ஓடும் பாவு இழைகளுக்குள் செருகும் மூங்கில் குச்சியை உருவி எடுத்து அக்காவின் முதுகில் ஒடிக்கும். அடிப்பதற்கு முன்னும் பின்னும் அவரிடம் பழமொழி இருக்கும். “அடியாத மாடு படியாது.” “முருங்கையை ஒடிச்சு வளக்கணும், பொட்டையை அடிச்சு வளக்கணும்.” அம்மாவிடம் இருந்தது ஒன்றே ஒன்று, “பொறுத்தார் பூமி ஆள்வார்.” அவள் பொறுத்துப் பொறுத்து ஆண்ட பூமி, தறிப்பள்ளம் அளவுக்கு, இரண்டு முழம். பெரியவர்கள் சொலவடை என்றால் எனக்கு உயிர், எங்கே கேட்டாலும் பொறுக்கி வைத்துக்கொள்வேன். ஆனால் இந்த மூன்றையும் இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

தாமல் ஏரிப் பக்கம் ஒரு திருவிழாவில் பெண்களுக்குக் கபடி வைத்தார்கள். முசரவாக்கத்துப் பெண் ஒருத்தியை அக்கா காலோடு சேர்த்து மடக்கியபோது அவள் முழங்கால் அக்காவின் வாயில் பட்டு முன்பல்லில் பாதி போய்விட்டது. பரிசாகக் கொடுத்த எவர்சில்வர் தவலையில் ரத்தம் துப்பிக்கொண்டே பஸ்ஸில் வந்தாள்.

அப்பா வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். “பல்லு போன பொண்ணை எவன்டி கட்டுவான்?”

“எவன் கட்டினா இன்னா, கட்டாங்காட்டி இன்னா? சோறு மெல்ற பல்லு இருக்குதுபா,” என்றாள் அக்கா.

நான் சிரித்துவிட்டேன். அடுத்த நிமிடம் தாழ்ப்பாள் விழுந்தது. “நிறுத்தாதீங்கடி,” என்றார். ஒரு தறியில் அம்மா, மற்றொன்றில் நான். முதல் அடிக்கே அக்கா “அம்மா” என்றாள். அம்மா தலையைத் தூக்கவில்லை, வேகமாக மிதித்தாள். நானும் மிதித்தேன். அந்தச் சத்தம் கேட்கக்கூடாது என்பதற்காகத்தான் மிதித்தேன், தெருவுக்காக அல்ல, எனக்காக. தவலையை அவர் சுவரில் அடித்து நசுக்கியது மட்டும் தறியையும் மீறிக் கேட்டது. இன்றும் என் கைவேகத்தைப் பார்ப்பவர்கள், இவ்வளவு சீக்கிரமாக நெய்ய யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று மெச்சுகிறார்கள்.

அந்த வருடம் மாநில அணிக்கு ஆள் எடுப்பதற்குச் செங்கல்பட்டில் தேர்வு என்று பள்ளிக்கூட விளையாட்டு டீச்சர் அக்காவிடம் சொன்னார். அணிக்குள் போனால் கல்லூரியில் இடம், பிறகு வேலை. போகாவிட்டால் தை மாதம் கல்யாணம், அப்பா ஆரணியில் மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். தேர்வு நாள் அமாவாசையாக அமைந்தது அக்காவுக்குச் சந்தோஷம். தறி இல்லாத நாள், அப்பா காலையிலேயே சீட்டாட்டத்துக்குப் போய்விடுவார், பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம். பையில் இரண்டு உடுப்பையும் முட்டிக்குப் போடும் பட்டையையும் வைத்து அரிசி மூட்டைக்குப் பின்னால் மறைத்து வைத்தாள்.

படையலுக்கு இலை போட அப்பா சீக்கிரம் திரும்பிவிட்டார். அரிசி எடுக்கப் போனவர் பையோடு வந்தார்.

நானும் அம்மாவும் அடுக்களையில் உளுந்து அரைத்துக்கொண்டிருந்தோம். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. “செங்கல்பட்டுக்குத் துணியை மூட்டை கட்டிக்கினு எவன்கூடடி போற?” என்று தொடங்கி, பதிலுக்குக் காத்திருக்காமல் குச்சி இறங்கியது. முதல் அடி விரல்மேல். அவள் கையால் தடுத்திருக்க வேண்டும். இரண்டாவது உதட்டில். அப்போதுதான் அப்பா, இருபது வருடப் பழக்கத்தில், திரும்பிக்கூடப் பார்க்காமல் எங்களுக்குக் கட்டளை போட்டார்: “நிறுத்தாதீங்கடி.”

நிறுத்துவதற்கு என்ன இருக்கிறது? வீட்டில் தறி ஓடவில்லை. தெருவில் எந்தத் தறியும் ஓடவில்லை. அவர் அதை மறந்துவிட்டார். மூங்கில் முதுகில் பட்டு எழும் சத்தம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகக் கேட்டேன். ஈரத்துணியைக் கல்லில் அறைவதுபோல் இருந்தது. வெளியே சீட்டாட்டத்தின் பேச்சு நின்றது. எதிர் வீட்டில் யாரோ குழந்தையை “உஷ்” என்றார்கள்.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்: நான் எழுந்தேன். மாவுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு தறியை நோக்கி நடந்தேன். உட்கார்ந்து மிதித்துவிட்டால் எல்லாம் வழக்கம்போல ஆகிவிடும் என்று என் கால் நினைத்தது. அமாவாசையில் ஒரு வீட்டில் தறிச் சத்தம் கேட்டால் தெருவே என்னவோ ஏதோ என்று ஓடிவரும் என்பதுகூடத் தோன்றவில்லை. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, விடாமல் பிடித்துக்கொண்டாள். அவள் வாழ்நாளில் அப்பாவின் சொல்லை மீறிச் செய்த முதல் காரியம் அது என்று நினைக்கிறேன். அடி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, எங்களுக்கும் தெருவுக்கும். அந்த நேரத்தில்தான் அக்கா, தறி ஓடவில்லை என்று அப்பாவிடம் சொன்னாள்.

இப்போது அக்காவுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த அரசு வேலை இருக்கிறது, பாதிப் பல் அப்படியே இருக்கிறது, சனி ஞாயிறுகளில் இருபது பெண்களுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கிறாள். அவள் படம் பேப்பரில் வந்த அன்று அப்பா டீக்கடையில் உட்கார்ந்து, “நான் அடிச்ச அடிதான்பா இன்னிக்கு இவ்ளோ தூரம் கொண்டாந்து உட்டுது,” என்றாராம். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்களாம். ஒடித்து வளர்த்த முருங்கைக்கு அவளையே உதாரணமாகக் காட்டி, எங்கள் தெருவில் வேறு இரண்டு பிள்ளைகள் முதுகு வீங்கியிருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்த அமாவாசையன்று அக்கா பன்னிரண்டு மணி பஸ்ஸைத் தவறவிடவில்லை, செங்கல்பட்டுக்குப் போனாள். ஆனால் இரண்டு விரல் வீங்கி மடங்காமல் இருந்ததால் எதிராளியின் காலைப் பிடிக்க முடியாமல் தோற்றுத் திரும்பினாள். அடுத்த வருடம்தான் தேர்வானாள். அடியால் அவளுக்குக் கிடைத்தது ஒரு வருட நஷ்டம், அதைத் தவிர ஒன்றுமில்லை. ஆடத் தெரிந்ததும், திரும்பத் திரும்ப ஆடப் போனதும் அவளுடையவை.

போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஊக்கமாக நாலு வார்த்தை பேசச் சொல்லி அக்காவைக் கூப்பிட்டார்கள். அவளுக்கு மேடை ஆகாது, “நீதான் நல்லா வாயடிப்பியே, போயேன்,” என்று என்னை அனுப்பிவிட்டாள். நெசவுக்காரி எனக்குத் தெரிந்ததை, அக்காவின் அந்த அமாவாசையையும் சேர்த்துச் சொன்னேன். எங்கள் தெருவில் தறி குறைந்துவிட்டது, பகலில் காக்கை கத்துவது கேட்கிறது, அந்த இரைச்சல் போனதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன் என்றேன். அடி போய்விடவில்லை, இப்போதெல்லாம் டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறார்கள், திடீரென்று எங்காவது டிவி அலறினால் நான் போய்ச் சர்க்கரை கடன் கேட்பதுபோலக் கதவைத் தட்டுகிறேன் என்றேன். ஓட்டமோ, பாட்டோ, படமோ, உங்களுக்கு ஒன்று வாய்த்திருந்தால் அதற்காக அடி வாங்குவது பெருமையும் அல்ல, பாடமும் அல்ல. அடிக்கிறவர்களுக்கு வேண்டியது சத்தமும் மூடிய கதவும்தான் என்றேன். பிள்ளைகள் மரியாதைக்குக் கைதட்டினார்கள்.

கடைசி வரிசையில் முழுக்கைச் சட்டையைக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் மட்டும் எழுந்து, “தறி ஓடலைன்னு சொன்னாங்களே, அதுக்கப்புறம் அந்த அக்கா இன்னா பண்ணாங்க?” என்று கேட்டாள்.

அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். அப்பாவின் கை மேலேயே நின்றுகொண்டிருந்தது. அக்கா அவரைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனாள். வீங்கிய விரலால் முடியாமல் மணிக்கட்டால் தட்டித் தாழ்ப்பாளை நீக்கி, இரண்டு கதவையும் சுவரில் போய் மோதும்படி திறந்தாள். வெளியே சீட்டுக் கட்டோடு நான்கு ஆண்களும், ஈரத் தலையோடு கோட்டம்மாவும், எதிர் வீட்டுச் சரிகை வியாபாரி பாயும், இன்னும் யார் யாரோ நின்றிருந்தார்கள். அக்கா ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் திரும்பி உள்ளே வந்தாள். வாசல் வெளிச்சம் முழுக்கத் தன்மேல் விழுகிற இடமாகப் பார்த்து, அப்பாவுக்கு ஒரு கை தூரத்தில், அதுவரை யாருக்கும் காட்டாத முதுகைத் தெருவுக்குக் காட்டி நின்றாள்.