பஸ்ஸுக்கு நின்ற பாட்டிகள்

விசிலம்மா என்றால் அந்த டிப்போவில் தெரியாதவர் கிடையாது. பெண்களைக் கண்டக்டர் வேலைக்கு எடுத்த முதல் வருஷமே சேர்ந்தவள். ஓய்வு பெறும்வரை வாயில் விசிலும் தோளில் தோல்பையுமாக நின்றே வாழ்ந்தவள். "உள்ள போங்க, உள்ள போங்க, படிக்கட்டுலயா வீடு கட்டப் போறீங்க?" என்று அவள் போடும் சத்தத்துக்கு எதிர்ச்சாரி பஸ்ஸில்கூட ஆட்கள் உள்ளே நகர்வார்கள். கணவர் போனபின் மகளோடு இருந்தாள். மகளுக்கு மருந்துக்கடையில் வேலை. பேரன் லிஃப்ட் பழுது பார்க்கப் பழகிக்கொண்டிருந்தான்.

எல்லையில் சண்டை மூண்டதும், வயசுப் பிள்ளைகளைக் கட்டாயமாகப் பட்டாளத்துக்கு எடுக்கும் சட்டம் வந்தது. அதை எதிர்த்து ஊர்வலம் போனவர்களை வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள். பேரனும் அதில் ஒருவன். கேஸும் இல்லை, கோர்ட்டும் இல்லை. "விசாரிச்சிட்டிருக்கோம்" என்பதே பதில்.

சிறை வாசலுக்குப் போனபோதுதான் தன்னைப் போல் எத்தனை பேர் என்று விசிலம்மாவுக்குத் தெரிந்தது. பெற்றவர்கள் லீவு போட்டால் வேலை போய்விடும். அதனால் வந்து நின்றதெல்லாம் பெரும்பாலும் பாட்டிகள். பேரன் படத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்த தையல்காரம்மா அவளுக்கு முதல் நாளே தோழியானாள். தாய் தகப்பன் இல்லாத அந்தப் பையனை வளர்த்தவள் அவள்தான்.

"கூட்டமா நிக்கக் கூடாது. கலைஞ்சு போங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

விசிலம்மா சுற்றிலும் பார்த்தாள். நேர் எதிரே ஒரு பஸ் ஸ்டாப்.

"பஸ்ஸுக்கு நிக்கலாம்ல சார்?"

பாட்டிகள் வரிசையாகப் போய் நின்றார்கள். ஒரு பஸ் வந்தது, போனது. இன்னொன்று வந்தது. ஒருத்தியும் ஏறவில்லை. இன்ஸ்பெக்டர் சாலையைத் தாண்டி வந்தார்.

"எந்த பஸ்ஸுக்கும்மா நிக்கிறீங்க?"

"எங்க பசங்க வர்ற பஸ்ஸுக்கு சார்."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

அன்றுமுதல் அதுவே வழக்கமாயிற்று. கோஷம் கிடையாது, கொடி கிடையாது. பழகிய டிரைவர்கள் கதவைத் திறந்துவைத்து, கொஞ்ச நேரம் கூடுதலாக நிறுத்தினார்கள். பயணிகள் ஜன்னல் வழியே பாட்டிகள் கழுத்தில் தொங்கிய படங்களைப் பார்த்தார்கள். சிலர் இறங்கி வரிசையில் சேர்ந்துகொண்டதும் உண்டு.

பிறகு ஒரு நாள் ஸ்டாப் கம்பத்தையே பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். "கம்பம்தானே போச்சு, கால் நம்மகிட்டதானே இருக்கு" என்றாள் விசிலம்மா. மறு வாரம் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். தையல்காரம்மா விழுந்து மணிக்கட்டு முறிந்தது. பார்த்துக்கொண்டிருந்த இளவட்டங்கள் கல்லைக் கையில் எடுத்தார்கள். அத்தனை நாள் குரலை உயர்த்தாமல் நின்ற விசிலம்மா அப்போதுதான் கத்தினாள்.

"போடுங்கடா கீழ! நீங்க ஒண்ணு எறிஞ்சா உள்ள இருக்கிறவனுக்குப் பத்து விழும்!"

கற்கள் கீழே விழுந்தன.

மழைக்காலம் முடியும் முன் விசிலம்மாவின் பேரனை விட்டுவிட்டார்கள். ஆனால் வீடு வந்தவன் பழைய பிள்ளையாக இல்லை. எந்தக் கதவையும் சாத்த விடமாட்டான். லிஃப்டுக்குள் கால் வைத்தாலே வியர்த்துக் கொட்டியது. வேலை அதோடு போயிற்று.

"பாட்டி, நீ இனிமே அங்க போகாத. உன்னைச் சாக்கு வச்சு என்னை மறுபடி தூக்கிடுவாங்க."

"அவனைப் பெத்தவ கேக்கிறேம்மா" என்றாள் மகளும்.

விசிலம்மா போகவில்லை. சில வாரம் கழித்துத் தையல்காரம்மாவே தேடி வந்தாள். கையில் மாவுக்கட்டு. ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேரனைப் பார்த்து மட்டும் கேட்டாள்: "தம்பி, உள்ள எங்க பிள்ளையைப் பார்த்தியாப்பா?"

"தெரியாது" என்று எழுந்து போய்விட்டான்.

அவள் போனபின் பாட்டியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அடுத்த அறையிலதான் இருந்தான், பாட்டி. தண்ணி கேட்டுக்கிட்டே இருந்தான். அப்புறம் சத்தமே வரல. எதையோ இழுத்துட்டுப் போனாங்க. நான் சொன்னேன்னு வெளிய தெரிஞ்சா என்னை விடமாட்டாங்க."

சொன்னால் தன் பேரனுக்கு ஆபத்து. சொல்லாவிட்டால் தையல்காரம்மா வராத பிள்ளைக்காக வெயிலில் நின்றுகொண்டே இருப்பாள். இரண்டு நாள் விசிலம்மாவுக்கு இந்த யோசனையிலேயே போனது. பிறகு தையல்கடைக்குப் போனாள். ஒற்றைக் கையால் துணியைத் தள்ளித் தைத்துக்கொண்டிருந்தவளிடம் சொல்லிவிட்டாள்.

மெஷின் நின்றது.

"யாரு சொன்னா?"

"அதை மட்டும் கேக்காத."

தையல்காரம்மா அவள் முகத்தையே பார்த்தாள். "சரி, கேக்கல" என்றாள். நூலை அறுத்தாள். அழுவாள் என்று விசிலம்மா காத்திருந்தாள்; அவள் அழவில்லை. "அப்ப இனிமே அவன் உடம்பையாவது குடுங்கன்னுதான் கேக்கணும். தனியா நிக்க முடியுமான்னு தெரியல."

அன்று மாலையே விசிலம்மா துணிமணியைப் பையில் எடுத்து வைத்தாள். "நான் இந்த வீட்டுல இல்லேன்னா, என்னைக் காட்டி உங்களைத் தொட முடியாது. யாராவது கேட்டா, கிழவியைத் துரத்திட்டோம்னு சொல்லிடுங்க." மகள் கதறினாள். பேரன் போகாதே என்றும் சொல்லவில்லை, போய் வா என்றும் சொல்லவில்லை.

தையல்கடையின் பின்னறையில் இருந்துகொண்டு வாராவாரம் போய் நின்றாள். சில நாள் பேரன் அந்த வழி பஸ்ஸில் போவான். அவளும் பார்ப்பாள், அவனும் பார்ப்பான். அவன் இறங்கியதில்லை.

சண்டை ஓய்ந்தது. சட்டத்தையும் எடுத்தார்கள். ஒவ்வொருவராகப் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். தையல்காரம்மாவின் பேரனைக் கேட்டால், அப்படி ஒருவரைக் கொண்டுவரவே இல்லை என்றார்கள். இரண்டு கிழவிகள் மட்டும் மிச்சமாக நின்றார்கள். அடுத்த மழையில் விசிலம்மாவுக்கு நெஞ்சுச் சளி கட்டியது. அதிலேயே போய்ச் சேர்ந்தாள். மகள் வந்து மடியில் தலையைத் தூக்கி வைத்துக்கொண்ட பிறகுதான் மூச்சு நின்றது.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபின்னும் பேரன் போகாமல் தையல்கடை வாசலில் நின்றான்.

"அவனோட சத்தத்தைக் கேட்டது நான்தான், பாட்டி" என்றான் தையல்காரம்மாவிடம்.

"தெரியும்பா."

"போலீஸ் காதுல விழுந்தாலும் பரவாயில்ல, இனிமே சொல்றேன். எங்க வேணா வந்து சொல்றேன்."

தையல்காரம்மா முக்காலியை அவன் பக்கம் தள்ளினாள். "முதல்ல எங்கிட்ட சொல்லு. என்ன கேட்டான், எப்படிக் கேட்டான், ஒண்ணு விடாம சொல்லு."

அவன் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தான்.