பூதக்கண்ணாடி படிக்காத நாவல்

பூதக்கண்ணாடி என்றால்தான் அவள் வேலை பார்த்த அலுவலகத்தில் அவளைத் தெரியும். புத்தகங்களுக்கு எழுத்துரு வரைவது அவள் வேலை. அதில் பேர் வாங்கியது ஒன்றே ஒன்று. கால் முனையில் சின்னப் பாதம் வைத்த, பழைய பாணி எழுத்து. நாளெல்லாம் படித்தாலும் கண் நோகாது, எழுத்து இருப்பதே தெரியாமல் கதை மட்டும் உள்ளே போகும் என்று படித்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். வரைந்த மகராசிக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை. மருந்து டப்பாவைக் கொடுத்தாலும் எழுத்தின் இடுப்பு பருமனா ஒல்லியா என்றுதான் பார்ப்பாள். எத்தனை வேளை என்று கேட்க மறுபடி கடைக்கே நடப்பாள்.

கணவர் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன். அவள் மேஜைக்கு அடியில்தான் வளர்ந்தான் என்றால் பொய்யில்லை. பிறகு வேறு ஊருக்குப் போனான், ஒரு நாவல் எழுதினான். பதிப்பாளரிடம் ஒற்றைக் காலில் நின்று அம்மாவின் எழுத்திலேயே அச்சடிக்க வைத்தான். முதல் பிரதி அவளுக்கு வந்தது. மறுநாளே போன்.

"எப்படிம்மா இருக்கு?"

"வரிக்கும் வரிக்கும் நடுவுல இடம் பத்தலடா, மூச்சு முட்டுது. கடைசி அத்தியாயத்துல சொல்லெல்லாம் பல்லு போன மாதிரி விலகி நிக்குது. யாரு பக்கத்தை வடிவமைச்சது?"

"கதை எப்படிம்மா?"

"இன்னும் படிக்கல."

"கடைசி அத்தியாயம் வரைக்கும் போயிருக்கியே!"

"பார்த்தேன்டா. படிக்கல."

"சரிம்மா" என்று போனை வைத்தவன்தான். அப்புறம் கூப்பிடவே இல்லை.

அவளும் சும்மா இருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தாள், புத்தகத்தைத் தள்ளிப் பிடித்துப் படித்தாள். ஒரு வரி தாண்டுவதற்குள் கண் எழுத்தின் பாதத்தில் போய் ஒட்டிக்கொண்டது. தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொண்ட கதைதான். வீட்டில் பேச்சுத் துணைக்கு ஃப்ரிட்ஜின் உறுமலைத் தவிர ஒன்றுமில்லை. இந்தப் பிள்ளையும் போய்விட்டால் தனக்கு யார் என்று நினைத்தபோது பயமாகவே இருந்தது. வெட்கத்தை விட்டு அவளே போன் போட்டாள்.

"என்னால படிக்க முடியலடா. எவ்வளவோ பார்த்துட்டேன், கண்ணுக்கு எழுத்துதான் தெரியுது. நீயே வாசிச்சுக் காட்டேன்."

மறுமுனையில் பக்கம் புரளும் ஓசை கேட்டது. அவன் வாசிக்கத் தொடங்கினான்.

"'எங்கள் வீட்டில் அம்மா எதையாவது உற்றுப் பார்த்தால், அது நானாக இருக்காது.'"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அவன் அடுத்த வரிக்குப் போகாமல் நின்றான்.

"அம்மா, இருக்கியா?"

"இருக்கேன்டா. படி."