பிரேக் ஆயிலில் ஊறிய டாக்ஸி

தராசு பழுதுபார்க்கும் பணிமனையில் அவனை எல்லோரும் கிராம் என்றுதான் கூப்பிட்டார்கள். இருபது கிலோ தட்டில் ஒரே ஒரு கிராம் தப்பினாலும் முத்திரை வைக்க மாட்டான்.

"ஒரு கிராம்தானேப்பா. உருளைக்கிழங்குல ஒட்டியிருக்கிற மண்ணே அதைவிட அதிகம்" என்று கடைக்காரர்கள் கெஞ்சுவார்கள்.

"மண்ணை நீங்க பார்த்துக்குங்க. தராசை நான் பார்த்துக்கிறேன்" என்பான். இருபத்திரண்டு வருடமாக இதே பதில்தான்.

வீடு மாடியில் இரண்டு அறை. வெளிச்சம் விழும் ஜன்னலோரம் ஒரு மேசை. அங்கே உட்கார்ந்து பிளாஸ்டிக் கார்கள் கட்டுவான். பெட்டியில் நூறு நூற்றைம்பது துண்டுகள் சட்டத்தோடு ஒட்டி வரும். ஒவ்வொன்றாக நறுக்கி, உப்புத்தாளில் தேய்த்து, ஒட்டி, வண்ணம் அடித்தால் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கார். மற்றவர்கள் பெட்டியின் மேல் இருக்கும் படத்தைப் போலக் கட்டிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். கிராமுக்கு அது போதாது. கதவை அறுத்தெடுத்துத் திறக்கும்படி கீல் வைப்பான். பழைய தொலைபேசி ஒயரை உரித்து, உள்ளிருக்கும் மெல்லிய கம்பியால் இன்ஜினுக்கு இணைப்புக் கொடுப்பான். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. முதல் காரின் கண்ணாடியை உடனே பிடிக்கும் பசையால் ஒட்டினான். காலையில் பார்த்தால் கண்ணாடி முழுக்கப் புகை படிந்ததுபோல் வெளுத்திருந்தது. ஏன் என்று தானாகக் கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆயிற்று.

"டிரைவர் வேணும்னா சொல்லுங்க, எறும்பு பிடிச்சுத் தர்றேன்" என்பாள் மனைவி. ஆனால் அவன் பெயின்ட் அடிக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க அடுத்த அறையில் உட்கார்ந்திருப்பாள். தூசி பறந்துவிடக் கூடாதே என்று.

அவளுக்கு நான்கு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தது அவள் கொண்டுபோன பை மட்டும்தான். குழந்தைகள் இல்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் ஒரு மாதம் வந்தார்கள், பிறகு நின்றுபோனார்கள். பணிமனையில் அவள் பேச்சை யாரும் எடுப்பதில்லை. அவன் மனம் நோகும் என்று நினைத்தார்கள். அவளைப் பற்றி யாராவது ஏதாவது சொல்ல மாட்டார்களா என்று அவன் தவித்தது அவர்களுக்குத் தெரியாது.

மாமா மட்டும் வந்தார். அவளுடைய அப்பா. இருபத்தேழு வருடம் டாக்ஸி ஓட்டி ஓய்வு பெற்றவர், தனியாக இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வாசலில் நின்றார்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன் மாப்பிள்ளை."

இரண்டு பஸ் மாறி வர வேண்டிய தூரம். சும்மா வருகிற பக்கம் இல்லை. இருவரும் தேநீர் குடித்தார்கள், சுவரைப் பார்த்தார்கள். அடுத்த ஞாயிறும் அப்படியே. மூன்றாவது ஞாயிறு மாமா மேசையைக் காட்டி, "என் வண்டியை இப்படிச் செய்ய முடியுமா?" என்று கேட்டார்.

அந்த வண்டி எந்தப் பெட்டியிலும் வராது. கிட்டத்தட்ட அதே உருவத்தில் ஒரு கார் கிடைத்தது. அதன் கூரையை அறுத்தெறிந்து, வேறொரு காரின் வளைந்த கூரையைப் பொருத்தி, இணைப்பில் பட்டி பார்த்துத் தேய்த்தான். டிக்கியை மூன்று மில்லிமீட்டர் நீட்டினான். எல்லா அளவும் மாமாவின் ஞாபகத்திலிருந்துதான். அந்த ஞாபகம் முழுக்க அவள் இருந்தாள்.

"முன் சீட்டு இவ்வளவு உயரம் இல்லை. அவ உட்கார்ந்தா தலை மட்டும்தான் வெளியில தெரியும். ரோட்டுல எல்லாரும் என் வண்டியில ஒரு தலை தனியா போகுதுன்னு பார்ப்பாங்க."

"இந்தக் கதவுல ஒரு நசுங்கல் இருக்கும். எட்டு வயசுல கதவைத் திறந்து விளக்குக் கம்பத்துல இடிச்சா. கேட்டா, கம்பம்தான் குறுக்கே வந்துச்சுன்னு சொன்னா."

அந்த நசுங்கலுக்காகக் கதவை உள்பக்கம் தாள் கனத்துக்குச் சுரண்டி, வெந்நீரில் போட்ட கரண்டிக் காம்பால் அழுத்தினான். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அவள் பெயர் நான்கு முறை, ஐந்து முறை அந்த அறையில் ஒலித்தது. மற்ற ஆறு நாளும் அவன் அதை வைத்துத்தான் ஓட்டினான்.

உடல்பகுதி முடிந்து பிரைமர் அடித்த அன்று மாமா சொன்னார்: "பையன் தன் ஊருக்கு வந்துடுன்னு உயிரை எடுக்கிறான். இதை முடிச்சுக் கொடுத்துடுங்க. மடியில வெச்சுக்கிட்டே ரயில் ஏறிடறேன்."

"ரெண்டு வாரம் மாமா. முடிஞ்சிடும்" என்றான் கிராம். சொல்லிவிட்டு, இரண்டு வாரத்தில் எத்தனை ஞாயிறு என்று எண்ணிப் பார்த்தான்.

முதல் தடவை உண்மையிலேயே தூசிதான். அடர்பச்சை காய்ந்ததும் பானெட்டின் நடுவில் ஒரு நூலிழை ஒட்டியிருந்தது. தேய்த்தும் போகவில்லை. இப்படி ஆனால் இந்த வேலை செய்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. மூடி போட்ட டப்பாவில் வண்டிகளுக்கு ஊற்றும் பிரேக் ஆயிலை ஊற்றி, உடல்பகுதியை அதில் ஊறப் போட வேண்டும். பெயின்ட் தோல் உரிந்ததுபோல் கழன்றுவிடும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துச் சோப்புப் போட்டுக் கழுவி, காய வைத்து, மறுபடி பிரைமரிலிருந்து தொடங்கலாம். மூன்று வாரம் பிடிக்கும். இரண்டாவது தடவையும் தூசிதான்.

மூன்றாவது தடவை பெயின்ட் குறையில்லாமல் வந்தது. பச்சையில் ஜன்னல் கம்பிகள் நேர்கோடாகத் தெரிந்தன. வெள்ளைக் கூரை சந்திக்கும் இடத்தில் ஒரு பிசிறு இல்லை. அவன் கட்டிய கார்களிலேயே அதுதான் சிறந்தது. ஞாயிறு காலை ஒன்பதரைக்கு அதைக் கையில் எடுத்துப் பார்த்தான். டப்பாவைத் திறந்து உள்ளே இறக்கி மூடினான்.

"தூசி மாமா" என்றான் பத்து மணிக்கு.

"மறுபடியுமா? உங்க வீட்டுத் தூசிக்குப் பச்சைன்னா அவ்வளவு பிரியமா?"

"இன்னும் ரெண்டே வாரம்."

மாமா கோபப்படவில்லை. தேநீரை எடுக்கக் கை நீட்டி, டம்ளருக்குப் பக்கத்தில் மேசையைத் தொட்டார். பிறகு டம்ளரைத் தொட்டார். "அந்த விளக்கைப் போடுங்க மாப்பிள்ளை" என்றார். ஜன்னல் வெயில் மேசை முழுக்க விழுந்திருந்தது. சக்கரம், சீட்டு எதைக் கொடுத்தாலும் மூக்கருகில் வைத்து, அங்குலம் அங்குலமாகத் திருப்பிப் பார்த்தார். மாமாவும் தன்னைப் போல நுணுக்கம் பார்க்கிற ஆள் என்று கிராம் பெருமைப்பட்டான்.

நான்காவது தடவை, ஐந்தாவது தடவை, ஆறாவது தடவை. பெயின்ட் ஒவ்வொரு முறையும் நன்றாகத்தான் வந்தது. அவன்தான் ஒவ்வொரு முறையும் ஊறப் போட்டான். வெட்கமாக இருந்தது. திங்கட்கிழமை வெட்கப்படுவான். வெள்ளிக்கிழமை வந்தால், ஞாயிற்றுக்கிழமை யாரும் ஏறி வராத மாடிப்படி கண்ணில் நிற்கும்.

பெயின்ட் வாங்கும் கடைக்காரர் கேட்டேவிட்டார். "அதே பச்சைதானா? நீ கார் கட்டுறியா, கைக்குழந்தையைக் குளிப்பாட்டுறியா?"

"சரியா வரலைண்ணே."

"உனக்கா சரியா வரலை? பார்த்துக்க. ரெண்டு தடவை தாங்கும், மூணு தடவை தாங்கும். அதுக்கு மேல பிளாஸ்டிக் பிஸ்கட் ஆயிடும்."

அது அவனுக்கும் தெரியும்.

ஒரு புதன்கிழமை மதியம் பணிமனைக்கு மச்சினன் போன் செய்தான். மனைவியின் தம்பி. அதிகம் பேசாதவன்.

"மச்சான், அந்தக் கார் எப்பதான் முடியும்?"

"ரெண்டு வாரத்துல…"

"இதையேதான் அப்பாவும் சொல்றாரு. நீங்க சொல்றதை அப்படியே எங்கிட்ட ஒப்பிக்கிறாரு. அஞ்சு மாசமா ரெண்டு வாரம், ரெண்டு வாரம்." மூச்சு விட்டான். "அவருக்குக் கண்ணுல அழுத்தம். இடது கண்ணு போயிடுச்சு. வலதுலயும் சுத்தி இருட்டிக்கிட்டே வருது. ஒரு மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணணும்னு, அப்ப இங்க வந்து காட்டினப்பவே டாக்டர் சொன்னாங்க. மூணு தேதி வாங்கிட்டேன். மூணையும் தள்ளிட்டாரு. காரைப் பார்த்துட்டுத்தான் படுப்பாராம். ஆபரேஷன்ல ஏதாவது ஆயிட்டா அப்புறம் எதை வெச்சுப் பார்க்கிறதுங்கிறாரு."

கிராமின் கையில் ஐந்து கிலோ எடைக்கல் இருந்தது. அதைக் கீழே வைத்தான்.

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"நான் சொல்றேன்னேன். வேண்டாம்னுட்டாரு. மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சா அவசரப்பட்டு வேலையைக் கெடுத்துக்குவாரு, அவர் நிதானமாப் பண்ணட்டும்னாரு."

பாதி நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினான். ஞாயிறன்று போட்டது இன்னும் டப்பாவில் கிடந்தது. இரண்டு நாளில் எடுத்திருக்க வேண்டும். கையுறை போட்டு மெல்லத் தூக்கினான். கூரையைத் தாங்கும் முன்கம்பி, சத்தமே இல்லாமல், இற்ற நகம் போல் உதிர்ந்தது. பிடிக்கப் போன விரலில் மற்ற கம்பியும் போயிற்று. சுரண்டி மெலிந்த கதவிலிருந்து ஒரு விரிசல் கிளம்பி டிக்கி வரைக்கும் போனது. ஒட்டிப் பார்த்தான். உள்ளே ஊறியிருந்த எண்ணெய் பசையைப் பிடிக்கவிடவில்லை. அழுத்தினால் நொறுங்கியது, அழுத்தாவிட்டால் நழுவியது. நான்கு மணிக்குக் கையுறையைக் கழற்றினான். இதை இனி யாராலும் கட்ட முடியாது.

இரண்டு பஸ் மாறி மாமா வீட்டுக்குப் போனான். அவள் போன பிறகு அவன் அங்கே போவது அதுதான் முதல் முறை. கட்டில் காலிலிருந்து குளியலறைக் கதவு வரை ஒரு கயிறு இடுப்பு உயரத்தில் கட்டியிருந்தது. பகலிலேயே நான்கு விளக்குகள் எரிந்தன. அடுப்பு மேடையின் விளிம்பில் வெள்ளைச் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்.

"யாரு?" என்றார் மாமா, அவனைப் பார்த்தபடியே.

"நான்தான் மாமா."

"மாப்பிள்ளையா? புதன்கிழமை வந்திருக்கீங்க." முகம் மலர்ந்தது. "முடிஞ்சுதா?"

உடைந்துவிட்டது என்று சொன்னால், புதிதாக ஒன்று கட்டுங்கள், காத்திருக்கிறேன் என்பார். இவர் சொல்லக்கூடியவர்தான்.

"முடிஞ்சுது மாமா."

"எங்க, கொண்டாங்க."

"இன்னும் காயலை. தொட்டா ரேகை பட்டுடும். நீங்க நாளைக்கே கிளம்புங்க. நானும் வர்றேன். ஆபரேஷன் முடியட்டும், அங்கேயே கொண்டு வந்து தர்றேன்."

மாமா கயிற்றைப் பிடித்தபடி யோசித்தார். "அவன் சொல்லிட்டானா? சரி. நீங்க முடிச்சுட்டீங்கன்னா அப்புறம் எனக்கென்ன" என்றார். பெட்டியில் துணி எடுத்து வைக்கும்போது தனக்குத்தானே ஏதோ மெட்டு முனகினார்.

ரயில் முழுக்க அவள் பேச்சுதான். கிராம் இத்தனை நாள் ஏங்கியது எல்லாம் ஒரே இரவுப் பயணத்தில் கிடைத்தது. ஒரு வார்த்தையும் காதில் நிற்கவில்லை.

மருத்துவர் சின்ன வயதுப் பெண். பரிசோதனை முடிந்ததும் கிராமையும் மச்சினனையும் தனியே கூப்பிட்டு, மேசையில் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் ஒரு வட்டம். தெரியாத பகுதிக்குக் கறுப்பு, தெரியும் பகுதிக்கு வெள்ளை.

"இது அஞ்சு மாசத்துக்கு முன்னாடி எடுத்தது. இது இன்னைக்கு."

பழைய தாளில் வெள்ளை ஒரு தேநீர்த் தட்டு அளவு இருந்தது. புதிய தாளில் ஒரு சட்டைப் பொத்தான் அளவு.

"இருக்கிறதைக் காப்பாத்தப் பார்க்கிறோம். உறுதியாச் சொல்ல முடியாது. போனது திரும்பி வராது. சொன்ன நேரத்துக்கு வந்திருந்தா இவ்வளவு போயிருக்காது."

மச்சினன் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். கிராம் தாள்களையே பார்த்தான். அளப்பது அவன் தொழில். ஆறில் நான்கு தடவை, தடவைக்கு மூன்று வாரம். இரண்டு தாளுக்கும் நடுவில் இருந்த கறுப்பில் தன் பங்கு எவ்வளவு என்று அவனுக்குத் தெரிந்தது.

மாமா மருத்துவமனை உடுப்பில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மச்சினன் மருந்து வாங்கப் போயிருந்தான். கிராம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"கொஞ்சம் தாமதம் ஆயிடுச்சுன்னாங்க."

"அது தெரிஞ்ச கதைதானே. போகட்டும். கார் முடிஞ்சுதே."

"முடியலை மாமா."

மாமா குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார்.

"உடைஞ்சு போச்சு. புதன்கிழமையே உடைஞ்சு போச்சு. உங்களைக் கிளப்பறதுக்காகப் பொய் சொன்னேன்."

"எப்படி உடைஞ்சுது?"

"திரும்பத் திரும்ப ஊறப் போட்டதால. தூசி விழலை மாமா. நல்லா வந்த பெயின்ட்டை நான்தான் எடுத்து எடுத்து ஊறப் போட்டேன். முடிஞ்சா நீங்க வர்றது நின்னுடும்னு."

வராந்தாவில் யாரோ தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"எத்தனை தடவை?"

"மொத்தம் ஆறு. முதல் ரெண்டு நிஜமாவே தூசி."

"அப்ப நாலு."

"நாலு மாமா."

மாமா தலையை மெல்ல ஆட்டினார். சரி என்பதற்கா, இல்லை என்பதற்கா என்று புரியவில்லை.

"பச்சை சரியா வந்திருந்துதா?"

"மூணாவது தடவை அப்படியே வந்திருந்துது. உங்க வண்டியேதான்."

"அதை நான் பார்க்கலை" என்றார் மாமா.

செவிலி உள்ளே வந்தார். "பெரியவரே, கூப்பிட்டாச்சு. வாட்ச், கண்ணாடி, பையில இருக்கிறது எல்லாத்தையும் வீட்டு ஆளுங்ககிட்ட கொடுத்துடுங்க."

மாமா கைக்கடிகாரத்தின் வாரைத் தடவிக் கழற்றினார். கண்ணாடியை மடக்கினார். தலையணைக்கு அடியிலிருந்து சீப்பையும் வீட்டுச் சாவியையும் எடுத்தார். எல்லாவற்றையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்து, நீட்டினார். கை நீண்ட பக்கம் கிராம் இல்லை. அவன் எழுந்து, கட்டிலைச் சுற்றிப் போய், அந்தப் பக்கம் நின்று வாங்கிக்கொண்டான்.