இடது பக்கக் கதவு

இதைக் கேட்டுச் சிரிக்காத ஒரே ஆள் என் அண்ணன். ஏனென்றால் அது நடந்தபோது அவர் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

நான் சீட் தைப்பவள். சோபா, நாற்காலி, கார் சீட்... கைக்குத் தட்டுப்படுவதை மட்டும் நம்புகிற ஜாதி. யாராவது பேய்க் கதையை ஆரம்பித்தால் கொட்டாவி விடுவேன். அப்படிப்பட்ட நான்தான் சொல்கிறேன். இது நடந்தது. எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில், விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே நடந்தது.

முதலில் அண்ணனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டைத் திறந்து, உள்ளே மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது அவர் பிழைப்பு. வாய் ஓயாத மனிதர். நாற்பதைத் தாண்டிய என்னை இன்னமும் 'பாப்பா' என்று கூப்பிட்டு நாலு பேர் முன்னால் மானத்தை வாங்குவார். அண்ணி போன பிறகு அந்த வாய் மூடிக்கொண்டது.

அண்ணி காய்ச்சல் என்றுதான் படுத்தார். ஒரே வாரம். முடிந்துவிட்டது. பிள்ளைகள் இல்லாத வீடு. நான் தனி ஆள் என்பதால் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு அண்ணனோடு வந்து தங்கினேன். தட்டைக் கீழே வைக்கிற சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கும். அண்ணன் இரண்டு வாய் சாப்பிடுவார், கை கழுவிவிடுவார். எதைக் கேட்டாலும் "ம்".

ஒரு நாள் இழுவை வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. அதன் பின்னால் ஒரு பழைய கார். கூரையை மடக்கித் திறந்துவிடுகிற வகை. கூரைத் துணி கந்தலாகத் தொங்கியது. உடம்பெல்லாம் துரு.

"எதுக்குண்ணா இது?" என்றேன்.

"சரி பண்ணலாம்னு."

எதற்கு என்று எனக்கே தெரியும். முன்பு ஒரு சிக்னலில் அண்ணனும் அண்ணியும் போன பைக்குக்குப் பக்கத்தில் கூரை இல்லாத கார் ஒன்று வந்து நின்றதாம். "மழை வந்தா இவங்க என்ன பண்ணுவாங்க?" என்று அண்ணி கேட்டாராம். "நனைவாங்க" என்றாராம் அண்ணன். இதைச் சொல்லிச் சொல்லியே இரண்டு பேரும் வருஷக்கணக்காகச் சிரித்திருக்கிறார்கள்.

காரை விற்ற பெண் கூடவே வந்திருந்தாள். என்னைவிடக் கொஞ்சம் சின்னவள். கார் அவள் அப்பாவுடையது. அவரைத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டதால் பழைய வீட்டைக் காலி செய்கிறாளாம்.

"இடது பக்கக் கதவு மட்டும் திறக்காது, அக்கா. துரு புடிச்சு இறுகிப்போச்சுன்னு அப்பா சொல்வார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வேலை ஆரம்பமானது. அண்ணன் பணி முடிந்து ஐந்தரைக்கு வருவார். முகம்கூடக் கழுவாமல் ஷெட்டுக்குள் போய்விடுவார். துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். ஓட்டை விழுந்த இடங்களில் தகடு வைத்து, பட்டி பார்த்து, பிரைமர் அடித்தார். டேஷ்போர்டை மரத்தில் புதிதாகச் செய்தார். சீட்டும் கூரையும் என் பொறுப்பு. பழைய ஸ்பாஞ்சைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் புதியது வைத்தேன். அடர் சிவப்பு ரெக்சினில் உறை தைத்து, ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்துப் பூட்டினேன்.

ஒரு சாயங்காலம் தரையில் உட்கார்ந்து கூரைத் துணியை வெட்டிக்கொண்டிருந்தேன்.

டிக்... டிக்... டிக்...

இண்டிகேட்டர் சத்தம். காருக்குள்ளிருந்து வந்தது.

பாட்டரியைப் பார்த்தேன். அது அலமாரியில் இருந்தது. கழற்றி வைத்துப் பத்து நாளுக்கு மேல் ஆகிறது.

"அண்ணா... இது எப்படி?"

"வயர்ல எங்கயாவது கொஞ்சம் கரண்ட் நின்னிருக்கும்."

எனக்கு வயரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அண்ணனைத் தெரியும். அவர் என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னார்.

மறுநாளும் அதே சத்தம். அதற்கு மறுநாளும். சுவரில் கடிகாரம் இருந்ததால் நேரத்தைக் கவனித்தேன். ஆறு நாற்பது. கொஞ்ச நேரம் அடிக்கும். நின்றுவிடும்.

அப்புறம் சீட்.

நான் பூட்டிய புது சீட்டில், இடது பக்கத்தில், ஒரு பள்ளம். மட்டமான ஸ்பாஞ்ச் என்று நினைத்து மாற்றினேன். இரண்டே நாளில் மறுபடியும் அதே இடத்தில் பள்ளம். அந்தச் சீட்டில் யாரும் உட்காரவே இல்லை. அந்தப் பக்கக் கதவுதான் திறக்காதே.

இதற்கிடையில் இன்னொன்றும் நடந்தது. அண்ணன் சாப்பிட ஆரம்பித்தார். "பாப்பா, குழம்புல உப்பைக் காணோம், தேடிப் பாரு" என்று கிண்டல்கூட அடித்தார். ஷெட்டுக்கு டீ கொண்டு போகும்போது இரண்டு டம்ளர் எடுத்துப் போனார். திரும்பி வரும்போது ஒன்று காலியாக இருக்கும். இன்னொன்று ஆடை படிந்து ஆறிப்போயிருக்கும். சமையலறையிலிருந்து பார்த்தால் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து மெதுவாக ஏதோ பேசிக்கொண்டிருப்பது தெரியும்.

எனக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அழுகைதான் வந்தது. அண்ணிதான் வந்திருக்கிறார் என்று நானும் நினைத்தேன். நினைக்க ஆசைப்பட்டேன். ஒரு தரம் யாரும் இல்லாதபோது சீட்டைத் தடவிக்கொடுத்து, "சௌக்கியமா அண்ணி?" என்றுகூடக் கேட்டேன்.

தடவிய கை அப்படியே நின்றுவிட்டது.

அண்ணி நல்ல உயரம். உடம்பும் உண்டு. எதில் உட்கார்ந்தாலும் ஒரு காலை மடித்துப் போட்டு, முதுகை முழுசாகச் சாய்த்து, "அப்பாடா" என்பார். அவர் உட்கார்ந்து அமுக்கிய சோபாவை நானே இரண்டு தடவை பிரித்துத் தைத்திருக்கிறேன்.

இந்தப் பள்ளம் சின்னது. சீட்டின் நுனியில் இருந்தது. கதவோரமாக ஒதுங்கியிருந்தது. சாய்கிற இடத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

எந்த நிமிஷமும் இறங்கிவிடக் காத்திருக்கிறவர்தான் அப்படி உட்காருவார்.

இது அண்ணி இல்லை.

அன்று முதல் ஷெட்டுக்குத் தனியாகப் போவதைத் தவிர்த்தேன். ஆனால் அந்தச் சனிக்கிழமை வேறு வழியில்லாமல் போனது. நல்ல மழை. அண்ணன் ஏதோ ஒரு கட்டடத்தில் மாட்டிக்கொண்டு வர நேரமாகும் என்றார். கூரைத் துணியை உள்பக்கமிருந்து சட்டத்தில் இழுத்துக் கட்ட வேண்டியிருந்தது. பசை காய்வதற்குள் செய்தாக வேண்டும்.

ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். கூரையை மூடினேன். கைகள் இரண்டும் தலைக்கு மேலே. துணியை இழுத்துப் பிடித்திருந்தேன்.

டிக்... டிக்... டிக்...

ஆறு நாற்பதாக இருக்க வேண்டும். திரும்பக் கூடாது என்று முடிவு செய்தேன்.

ஸ்ஸ்ஸ்...

அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். புது ஸ்பாஞ்சில் ஒருவர் உட்கார்ந்தால் காற்று வெளியேறும் சத்தம்.

என் இடது தோளுக்குப் பக்கத்தில்.

கார் லேசாக இடப்பக்கம் சாய்ந்தது.

திரும்பினேன். யாரும் இல்லை. சீட்டின் நுனி மட்டும் அமுங்கியிருந்தது.

சர்ர்க்... சர்ர்க்...

கதவின் உட்புறம். நான் புதிதாக ரெக்சின் போர்த்திய பலகை. கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் கைப்பிடி இல்லை. நாங்கள் வாங்கும்போதே இல்லை. அந்த இடத்தில் ரெக்சின் உள்ளே போனது. வெளியே வந்தது. மறுபடி உள்ளே போனது. விரல்கள் தேடுவது போல...

சர்ர்க்... சர்ர்க்... சர்ர்க்...

அவசரமாக.

கூரைத் துணி என் கையிலிருந்து நழுவியது.

பக்கத்தில் யாரோ விசும்பினார்கள்.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. மழையில் நனைந்தபடி வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணன் பைக்கை நிறுத்தியதும் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"அண்ணா, அது அண்ணி இல்லே."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. "தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"முதல் வாரமே தெரியும். உங்க அண்ணி இப்படியா நுனியில உக்காருவா?"

"அப்புறம் யார்கூட டீ குடிச்சுக்கிட்டிருந்தே?"

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். பிறகு சொன்னார். "யாரோ ஒருத்தங்க இருக்காங்கல்ல, பாப்பா. பக்கத்துல ஒருத்தங்க இருக்காங்கல்ல."

எனக்கு அவரைத் திட்டத் தோன்றவில்லை. ஷெட்டுக்குள் கூட்டிப்போய்க் கதவைக் காட்டினேன். நான் பார்த்ததைச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அது துரு இல்லே" என்றார். "பலகையைக் கழட்டினப்பவே பார்த்தேன். உள்பக்கமா வெல்டிங் வெச்சிருக்கு. மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு. பூட்டுகிட்ட ஒண்ணு. கைப்பிடியையும் யாரோ வேணும்னுதான் எடுத்திருக்காங்க."

"ஏன் அறுக்கலை?"

"அறுத்தா போயிடுவாங்கல்ல."

காருக்குள்ளே இன்னும் சத்தம் வந்துகொண்டிருந்தது. டிக்... டிக்... வழக்கமாக நின்றுவிடும். அன்று நிற்கவில்லை.

"அண்ணா, லிஃப்டுல மாட்டிக்கிட்டவங்க உள்ளேயிருந்து கதவைத் தட்டினா நீ என்ன பண்ணுவே? துணைக்கு ஆள் இருக்குன்னு வெளியே உக்காந்து பேசிக்கிட்டிருப்பியா?"

அவர் என்னைப் பார்த்தார். அண்ணியை எடுத்துப் போன அன்றுகூட அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. அலமாரிப் பக்கம் போனார். கட்டிங் மெஷினை எடுத்தார். நான் தைத்துப் போர்த்திய பலகையை அவரே கழற்றினார்.

நெருப்புப் பொறி ஷெட் முழுக்கப் பறந்தது. மேலே இருந்தது அறுந்தது. பூட்டுக்குப் பக்கத்தில் இருந்ததும் அறுந்தது. கீழே உள்ளதற்குத் தரையில் படுக்க வேண்டியிருந்தது. மெஷினை நிறுத்தினார். வெளிப்பக்கக் கைப்பிடியைப் பிடித்து, ஒரு காலைக் காரில் ஊன்றி இழுத்தார்.

கிறீச்ச்...

கதவு திறந்தது.

சத்தம் நின்றது. இண்டிகேட்டரும் நின்றது. மழைகூட நின்றுவிட்டதோ என்று எனக்குத் தோன்றியது.

சீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நுனியில் இருந்த பள்ளம்...

மெல்ல...

மெல்ல...

மேலே எழும்பியது.

கார் இடப்பக்கம் லேசாக உயர்ந்தது.

அண்ணன் இரண்டடி பின்னால் நகர்ந்து வழி விட்டார். முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் பேசுவது போல, மரியாதையாக, "பார்த்து இறங்குங்க... தரை வழுக்கும்" என்றார்.

ஏதோ எங்களுக்கு நடுவில் போனது. குளிர்ந்த காற்று என்று சொல்ல மாட்டேன். நெருக்கடியில் ஒருவர் உரசிக்கொண்டு போவது போல இருந்தது. கொஞ்ச நேரத்தில் வாசல் கேட்டின் தாழ்ப்பாள் தூக்கப்படும் சத்தம் கேட்டது.

கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழே கால்.

அண்ணன் அந்த இடது பக்கச் சீட்டில் போய் உட்கார்ந்தார். முதல் தடவையாக. முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு அண்ணியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சாவன்று அழாத மனிதர். நான் ஷெட் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றேன். வெகுநேரம் அழுதார். யாரும் பதில் சொல்லவில்லை.

மூன்று நாள் கழித்து அந்தப் பெண் கைபேசியில் கூப்பிட்டாள், காரை விற்றவள். தன் அப்பா இறந்துவிட்டதாகச் சொன்னாள். அவரது சாமான்களில் காரின் மாற்றுச் சாவி கிடைத்ததாம். வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னாள்.

துக்கம் கேட்டேன். அதற்கப்புறம் வாயை அடக்க முடியவில்லை. "உங்க அம்மா...?"

"அம்மா போய் ரொம்ப வருஷமாச்சு, அக்கா. அந்தக் கார்லதான். அப்பாகிட்ட சண்டை போட்டுட்டு சித்தி வீட்டுக்குப் போயிட்டாங்க. அப்பா போய்க் கூட்டிட்டு வந்தார். வழியெல்லாம் 'நெஞ்சை என்னமோ பண்ணுது, ஓரமா நிறுத்துங்க, நான் இறங்கணும்'னு அம்மா சொல்லிக்கிட்டே வந்தாங்க. நான் பின்சீட்டுல இருந்தேன். சின்னப் பொண்ணு. இறங்கினா மறுபடி போயிடுவாங்கன்னு அப்பா நினைச்சாரோ என்னமோ... நிறுத்தவே இல்லை. அதுக்கப்புறம் அந்தப் பக்கக் கதவு திறந்து நான் பார்த்ததே இல்லை."

கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அப்பாவும் பாவம்தான், அக்கா. பக்கவாதம் வந்து ரெண்டு வருஷமா ஒரு வார்த்தை பேசலை. கையைக்கூட அசைக்க மாட்டார். காரை வித்ததையும் நாங்க அவர்கிட்ட சொல்லலை. ஆனா சனிக்கிழமை சாயங்காலம் திடீர்னு வாசலைப் பார்த்தார். பார்த்துட்டுப் பேசினார்."

"எத்தனை மணிக்கு?"

"ஏழே கால், ஏழரை இருக்கும். ஏன் அக்கா?"

"ஒண்ணுமில்லே. என்ன சொன்னார்?"

"'யாரு அவளை இறக்கிவிட்டது?'ன்னு கேட்டார். ரெண்டு தடவை கேட்டார். அப்புறம் அந்த உடம்போட, தானா, கட்டில்ல சுவர்ப் பக்கமா நகர்ந்தார், அக்கா. பாதிக் கட்டில் காலியா இருந்துச்சு. விடியறதுக்குள்ள போயிட்டார்."

அவள் அழுதுகொண்டே சொன்னாள்.

"இடம் விட்டு நகர்ந்தாரா, பயந்து ஒதுங்கினாரான்னு... இன்னும் எனக்குத் தெரியலை."