அடைக்கோழிக்கு இரும்பு வைத்தவன்

மூணாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒத்தைக் கையாக ரைஸ் மில்லும் மாடி வீடும் உண்டாக்கினேன். இன்று மில்லில் ஈரத்தவிடு மணக்கவும், வெள்ளைக்காரன் காலத்தில் தாமிரபரணி வெள்ளம் கொண்டுபோன எங்கள் புழக்கடை கண்முன்னே எழுந்து வந்தது: கோழிக்குத் தவிடு பிசையும் அம்மா, அடுப்பில் தளதளக்கும் கம்பங்கஞ்சி, கூடையில் அடைகாக்கும் கருங்கோழி.

இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்று கூடைக்குள் இரும்பு வைப்பது வழக்கம். அம்மா சொல்லியும் அண்ணன் மறந்துபோனான். ஒடிந்த அரிவாளை நான்தான் சொருகினேன். அத்தனை முட்டையும் பொரிந்தது.

"எல்லாம் என் மூத்தவன் கைராசிதாம்லே!" என்றாள் அம்மா. அண்ணன் அடிக்குப் பயந்து நான் வாய் திறக்கவில்லை.

இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இப்போதும் இடி இடித்தால், "ஏலே பெரியவனே, இரும்பு வச்சியாலே?" என்று அம்மா குரல் கேட்கிறது.

வச்சது நான்தாம்மா. ஒரு தடவையாவது என் பேரைச் சொல்லு.